அறநிதிக்காக ஒரு கொல்ப் போட்டி

நற்காரியங்களுக்குப் பொருள் திரட்டும் வழி காலத்துக்குக் காலம் மாறுவது இயல்பு. 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் நாவலர் பெருமான் நிறுவிய வித்தியாசாலை பிடியரிசியாலும் வளர்ந்ததென்பதை நாம் அறிவோம். பின்வந்தோர் நாடகம் மேடையேற்றினர், களியாட்டவிழா நடத்தினர், படமாளிகையில் ஒரு காட்சியை முழுமையாக வாங்கி நுழைவுச்சீட்டு விற்றனர். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் இன்று நடைபவனி, இராப்போசன விருந்து என்பவற்றோடு கொல்ப் போட்டியையும் இவ்வரிசையிற் சேர்த்துள்ளனர். நம் கல்லூரியின் விழாநிதிக்கும் அத்தகைய போட்டியொன்றை நடத்தலாமா என்ற பேச்சு எழுந்திருத்தலால், அதனைத் திட்டமிடும் முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். தமிழாசிரியருக்கும் கொல்ப் மட்டைக்கும் என்ன உறவு என்று மாணவர் சிலர் நகைத்தல் கூடும். மட்டை வீசுவதற்கே பயிற்சி வேண்டும். போட்டி நடத்துவதற்கு வேண்டுவன பெரும்பாலும் கணக்கும் கடிதமும் பொறுமையுமே.

இவ்வாட்டத்தைக் கண்டிராத மாணவர்க்காக ஓரிரு சொல். தமிழிற் குழிப்பந்தாட்டம் என்பர். நம் முற்றங்களில் நாம் ஆடிய போளையாட்டத்தில் நிலத்திலே குழி தோண்டி, அதில் விழுமாறு போளையை உருட்டுவோமல்லவா? அதனை நூற்றைம்பது ஏக்கர் அளவான புல்வெளிக்கு விரித்துக் கொண்டால் கொல்ப் ஆகும். குழியின் விட்டம் 4¼ அங்குலம். பந்தின் எடை 1.62 அவுன்சுக்கு மேற்படலாகாது, விட்டம் 1.68 அங்குலத்துக்குக் குறையலாகாது. மைதானமொன்றுக்குக் குழிகள் பதினெட்டு. தொடக்க மேடையிலிருந்து பந்தை அடித்துச் சென்று குழியில் வீழ்த்துவதற்கு எத்தனை அடி சென்றதென்று எண்ணுவர். கிரிக்கெட்டுக்கு நேர்மாறாக, எண்ணிக்கை குறைந்தவரே இதில் வென்றவர். ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிகள் மூன்று, நான்கு, ஐந்து என முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். அதனைப் 'பார்' என்பர்.

இலங்கைக்கு இவ்வாட்டம் புதியதன்று. கொழும்பிலே 1879ஆம் ஆண்டில் ஒரு கழகம் தோன்றிக் காலிமுகத்திடலில் ஆடிற்று. 1896இல் அது பொரளைப் பக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. தேசாதிபதி றிட்ஜ்வேயின் பெயர் அம்மைதானத்துக்கு வழங்கலாயிற்று. றோயல் கொழும்பு கொல்ப் கழகம் என இன்று வழங்குவது அதுவே. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அம்மைதானத்தை ஊடறுத்துச் செல்வதால், ஓங்கிய மட்டையோடு புகைவண்டிக்குக் காத்து நிற்கும் காட்சியை அங்கே காணலாம். நுவரெலியாவிலும், கண்டிக்கு அண்மையில் திகனையிலும், அம்பாந்தோட்டையிலும் மைதானங்கள் உள்ளன. திருகோணமலைச் சீனக்குடாவில் விமானப்படையினர் ஒன்றை நடத்துகின்றனர்.

கொல்ப் ஆட்டத்தை அறநிதிக்குப் பயன்படுத்தும் வழக்கமும் பழையதே. முதலாம் உலகப் போர்க்காலத்தில், பின்னாளிற் பெரும்புகழ் எய்திய பொபி ஜோன்ஸ், பதின்பருவத்துச் சிறுவனாக அமெரிக்க நகரங்களிற் செஞ்சிலுவைச் சங்க நிதிக்காக ஆடினார். 1937ஆம் ஆண்டில் பாடகர் பிங் குறொஸ்பி, தொழின்முறை ஆட்டக்காரரையும் தம் நண்பர்களையும் இணைத்துக் கலிபோர்ணியாவில் ஒரு போட்டி நடத்தினார். மழையாற் குறுகிய அப்போட்டியில் சாம் சினீட் 500 டொலர் பரிசு பெற்றார். 1947இல் அது பெபிள் பீச் பகுதிக்கு மாறி, அறத்துக்குப் பெருநிதி ஈட்டும் போட்டியாக வளர்ந்தது. 1938இல் பாம் பீச்சில் நடந்த போட்டியின் வருவாயிலிருந்து 10,000 டொலர் அறப்பணிக்கு வழங்கப்பட்டது. அவ்வழியில் வந்த அமெரிக்கத் தொழின்முறைப் போட்டிகளின் அறக்கொடை 2020ஆம் ஆண்டளவில் மொத்தம் முந்நூறு கோடி டொலரைக் கடந்தது. இத்தொகையைக் கண்டு நம்மவர் மயங்கவேண்டாம். அவர்க்குத் தொலைக்காட்சியும் பெருநிறுவனங்களும் பக்கபலம். நமக்குள்ள பலம் ஒரே வகுப்பறையில் இருந்தோம் என்ற பாசம் ஒன்றே. ஆயினும் அது சிறிதன்று.

இனித் திட்டத்துக்கு வருவோம். முதலில் வகுக்கவேண்டியது எதற்காகப் பணம் என்பது. "கல்லூரி வளர்ச்சிக்கு" என்று பொதுப்படச் சொன்னால் ஒருவரும் கையைப் பையில் விடார். விடுதி மாணவரின் உணவுக்கா, பல்கலைக்கழகம் புகுந்தும் செலவுக்கு வழியற்ற மாணவர்க்கா, ஆய்வுகூடக் கூரைக்கா என்று ஒன்றைச் சொல்லி, அதற்கு எவ்வளவு வேண்டுமென்பதையும் கல்லூரியிடம் எழுத்திற் பெற்றுக்கொள்ள வேண்டும். அத்தொகையே போட்டியின் அளவுகோல். பலர் இதனை மறந்து, மைதானத்தை முதலிற் பேசிவிட்டுப் பின்னர் நோக்கத்தைத் தேடுவர்.

குழு சிறியதாயிருத்தல் நன்று. தலைவர், காரியதரிசி, தனாதிகாரி, அனுசரணையாளரைத் தேடுபவர், மைதானத்தோடு பேசுபவர், தொண்டர்க்குப் பொறுப்பானவர் என அறுவர் போதும். இவருள் ஒருவரேனும் கொல்ப் ஆடுபவராயிருத்தல் அவசியம்; அறுவரும் ஆடுபவராயிருத்தல் ஆபத்து. அன்றைக்கு ஆடாமல் நின்று வேலை பார்க்க ஆள் வேண்டுமன்றோ? ஆயத்தங்களை ஓராண்டுக்கு முன்னரே தொடங்குதல் சிறப்பு. ஆறு மாதத்துக்குக் குறைந்தால் நல்ல நாள் கிடையாது. வட அமெரிக்காவிலே தனியார் கழகங்கள் பல திங்கட்கிழமையைத் தம் உறுப்பினர்க்கு விடாது வெளியார்க்கு வாடகைக்குக் கொடுப்பதால், அறநிதிப் போட்டிகள் பெரும்பாலும் அந்நாளிலே நடைபெறுகின்றன. சனி ஞாயிறுதான் வேண்டுமென்பார் அதற்குரிய விலை கொடுக்கவேண்டி வரும்.

பணக் கணக்கே இதன் உயிர்நிலை. ஆதலால் ஓர் உதாரணத்தைச் சற்று விரித்துக் காட்டுகின்றோம். எண்கள் விளங்குதற்பொருட்டு நாம் வைத்துக்கொண்டவை, இடத்துக்கேற்ப மாறும். ரொறன்ரோவில் 72 பேர் ஆடுகின்றனர் எனக் கொள்வோம். தலைக்கு 200 டொலர் நுழைவுக் கட்டணமென்றால் வரவு 14,400. மைதானக் கட்டணம், வண்டி, காலை உணவு, இராப்போசனம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 135 ஆனால் 9,720 போயிற்று. மேற்சட்டை, பரிசு, அச்சுச் செலவு 2,200. காப்புறுதி 400. எஞ்சியது 2,080 மட்டுமே. ஓராண்டு உழைப்புக்கு இஃது ஊதியமாகாது. இன்னும் கேளுங்கள்: இத்தனை பேருக்குக் குறையாமற் கட்டணம் தருவோம் என்று மைதானத்தோடு உடன்படிக்கை எழுதுவது வழக்கம். எழுபத்திருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அறுபதின்மரே வந்தால் வரவில் 2,400 குறையும், செலவு குறையாது. அப்போது 320 டொலர் நட்டத்தோடு வீடு திரும்பவேண்டும். கல்லூரிக்கு அனுப்ப நிழற்படங்கள்தாம் மிஞ்சும்.

எனவே நுழைவுக் கட்டணம் செலவை ஈடுசெய்வதற்கே போதுமானது. அறநிதி பிறவழியில் வரவேண்டும் என்பது தெளிவு. அவ்வழி அனுசரணை. ஒவ்வொரு குழியின் தொடக்க மேடையிலும் ஒரு பெயர்ப்பலகை நாட்டும் உரிமையை 250 டொலருக்குக் கொடுத்தாற் பதினெட்டுக்கும் 4,500. முழுப்போட்டிக்கும் பெயர் தாங்கும் நிறுவனம் ஒன்று 5,000 தந்தால், விளையாட்டுகளாலும் ஏலத்தாலும் வரும் 3,000ஐயும் சேர்க்க 12,500 ஆகும். முன்னைய 2,080ஐயும் கூட்டினால் 14,580. இப்போது கல்லூரிக்குச் சொல்லத்தக்க ஒரு தொகை உண்டு. உணவையோ பரிசுப்பொருளையோ எவரேனும் இனாமாகத் தந்தால் அதுவும் பணமே. ஒரு மைதானத்தோடு உடன்படிக்கை எழுதுமுன் எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் நான்கில் மூன்று பங்கினரையே உறுதி கூறுதல் தனாதிகாரிக்குக் காவல். மிகுந்து வருவோரை ஏற்க எந்த மைதானமும் மறுக்காது; வாராதவர்க்குக் கட்டணம் விட எந்த மைதானமும் இசையாது.

அனுசரணை பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கொல்ப் மைதானங்களில் மதுபான நிறுவனத்தார் விரும்பிப் பணம் தருவர். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் பற்றிய அதிகாரசபைச் சட்டம் அத்தகைய விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கின்றது. ஆகவே இங்கே அப்பேச்சுக்கே இடமில்லை. வெளிநாடுகளிற் சட்டம் இடங்கொடுக்கலாம். இடங்கொடுத்தாலும் இந்துக் கல்லூரி ஒன்றின் இலச்சினைக்குப் பக்கத்தில் அப்பலகை நிற்பதை நாம் விரும்போம். அப்பணத்தால் உண்ணப்போகும் விடுதி மாணவனுக்கு அந்நிழற்படத்தைக் காட்டமுடியுமா என்று குழுவினர் தம்மைக் கேட்டுக்கொள்க. மதுக்கடை மைதானத்தில் இருந்தே தீரும். அது கழகத்தின் வணிகம். அதனை நம் நிதிக்கு மூலமாக்குவது வேறு.

இனி ஆட்டமுறை. நம்மவருட் பலர் ஆண்டுக்கொருமுறை மட்டை தொடுபவர். ஒவ்வொருவரும் தம் பந்தையே ஆடவேண்டுமென்றால், புதியவர் புதருக்குள்ளே பந்து தேடிக்கொண்டிருக்க, பின்னால் வருவோர் பொறுமையிழப்பர். இதற்கு மருந்து 'ஸ்கிராம்பிள்' எனும் முறை. நால்வர் ஒரு குழு. நால்வரும் அடிப்பர்; நான்கு பந்துகளுள் எது நல்லவிடத்தில் விழுந்ததோ அவ்விடத்திலிருந்து நால்வரும் மீண்டும் அடிப்பர்; குழியில் விழுமட்டும் இப்படியே. குழுவுக்கு ஒரே எண்ணிக்கை. இதனால் வல்லவரோடு கற்றுக்குட்டியும் கூடலாம். அவர் பத்தில் ஒருமுறை நன்றாய் அடித்தாலும் அவ்வடி குழுவுக்குப் பயன்படும். வல்லவர் ஒருவரே எல்லா அடியையும் அடித்துவிடாதபடி, ஒவ்வொருவருடைய தொடக்க அடியும் இத்தனை முறையேனும் பயன்பட்டிருத்தல் வேண்டும் என்று விதி செய்வதுண்டு. அவ்விதியை நாம் பெரிதும் மதிக்கின்றோம். தந்தை, மகள், பழைய ஆசிரியர், இளைய மாணவர் என நால்வரும் ஆடிய குழு என்று சொல்லிக்கொள்வதற்கு அதுவே உரிமை தருகின்றது.

குழுக்களிடையே திறன் வேறுபாட்டைச் சமன்செய்ய 'ஹண்டிகப்' என்னும் சலுகை எண் உண்டு. 2020ஆம் ஆண்டிலிருந்து உலக முழுமைக்கும் ஒரேமுறை வழங்குகின்றது; அதன்படி ஒருவர்க்கு உயர்ந்த எண் 54. ஆயினும் நம்மவர்க்குள் அவ்வெண் உடையவர் சிலரே இருப்பர். குழு அமைக்கும்போதே வல்லவரைப் பரவலாகப் பங்கிட்டுவிட்டால் சச்சரவு பெரும்பாலும் ஒழியும். முதலிடத்துக்குப் பெரும்பரிசு வைப்பதைத் தவிர்த்தல் நன்று. பெரும்பரிசு இருக்குமிடத்தில் எண்ணிக்கை எழுதும் பென்சில் தடுமாறக் காண்பது மனித இயல்பு.

ஒரு குழு புறப்பட்டுப் பத்து நிமிடங்கழித்து அடுத்தது என விட்டால், முதற் குழுவுக்கும் பதினெட்டாங் குழுவுக்கும் இடையே 170 நிமிடம் கழியும். முதலில் முடித்தவர் இராப்போசனத்துக்குக் காத்திராமல் வீடு போய்விடுவர். ஏலம் கேட்க ஆளிராது. இதற்காகவே எல்லாக் குழுக்களும் வெவ்வேறு குழியிலிருந்து ஒரே நேரத்தில் தொடங்கும் முறை வந்தது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாலா வாலா என்னும் ஊரில் ஜிம் றஸ்ஸெல் என்பவர் துப்பாக்கி வெடித்துத் தொடக்கியமையால் 'ஷொட்கன்' தொடக்கம் என்ற பெயர் நிலைத்தது. இக்காலத்தில் ஊதுகுழல் போதும். குழிக்கொரு குழுவாக 72 பேர் ஆடலாம். இரு குழுக்கள் என்றால் 144 பேர். எல்லோரும் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் ஒன்றாகத் திரும்புவர்.

மகிழ்ச்சிக்கு உரியவை இடைவிளையாட்டுகள். பந்தைக் கொடிக்கு மிக அண்மையில் வீழ்த்துதல், மிக நெடுந்தூரம் அடித்தல், நூல் கட்டிய நேர்கோட்டுக்கு மிக நெருங்கி அடித்தல் என்பன. ஆண் பெண் இருபாலார்க்கும் தனித்தனிப் பரிசு வைக்கவேண்டும். கெட்ட அடியை மீண்டும் அடிக்கும் உரிமையை 'மலிகன்' என்பர். அதனைச் சிறு தொகைக்கு முன்கூட்டியே விற்பர். பிழைக்குத் தண்டம் வாங்காமற் பிழைதிருத்தத்துக்கு விலை வாங்கும் இவ்வேற்பாட்டை நம் வகுப்பறையிலும் கொண்டுவந்தால் ஆய்வுகூடக் கூரை என்றோ முடிந்திருக்கும்.

ஒரே அடியிற் பந்தைக் குழியில் வீழ்த்துவோர்க்கு மோட்டார் வண்டி பரிசு என்ற அறிவித்தலை இத்தகைய போட்டிகளிற் காணலாம். சராசரி ஆட்டக்காரர்க்கு அது 12,500இல் ஒருமுறை வாய்க்குமென்று பொதுவாகச் சொல்வர். 144 பேர் ஒரு குழியில் முயன்றால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. சிறிது எனத் தோன்றும். ஆனால் அவ்வொன்று நிகழ்ந்தால் வண்டியை யார் தருவது? ஆகவே காப்புறுதி செய்யாமல் இப்பரிசை அறிவிக்கவே கூடாது. காப்புறுதியாளர் குழியின் குறைந்த தூரத்தையும், ஆடுவோர் தொகையையும், சாட்சிகள் நின்று பார்ப்பதையும் நிபந்தனையாக்குவர். சொன்ன தொகைக்கு மேல் ஒருவர் ஆடினாலும் பணம் மறுக்கப்படலாம். நாள் முழுதும் வெயிலில் நின்று அக்குழியைப் பார்த்திருக்கும் சாட்சிக்கு நாற்காலியும் குடையும் கொடுப்பதை மறவாதீர்.

அதிட்டச்சீட்டு விற்பது எளிதெனத் தோன்றும். ஒன்ராரியோ போன்ற இடங்களில் அறநிலையங்கள்கூட அதற்கு அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். பெறாமல் விற்பது குற்றம். ஏலத்துக்கு அத்தொல்லை பொதுவாக இல்லை. பழைய வகுப்புப் படமொன்றைச் சட்டமிட்டு ஏலத்தில் வைத்தால், படத்திலிருப்பவர் ஒருவரையொருவர் விஞ்சி விலை கேட்பர்.

எளிதிற் சொல்லி விடமுடியாத ஒன்று உண்டு. கொல்ப் செல்வர் ஆட்டம். இருநூறு டொலர் கொடுக்க இயலாத பழைய மாணவர் பலர். அவர் நம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்தவர். இரவு வேலைக்குச் செல்பவராகவோ, ஊரிலிருக்கும் குடும்பத்தைத் தாங்குபவராகவோ இருக்கலாம். போட்டி அவரை வெளியே நிறுத்துமானால் நிதி சேர்ந்தும் சங்கம் பிளவுபடும். இதற்கு வழி உண்டு. இராப்போசனத்துக்குத் தனியாகக் குறைந்த கட்டணம் வைக்கலாம். கழக மண்டபத்தின் அருகே உள்ள சிறுபுல்வெளியிற் பந்தை உருட்டிக் குழியில் விடும் போட்டியை ஐந்து டொலருக்கு எல்லார்க்கும் திறந்துவிடலாம். அதற்குப் போளையாடிய கை போதும், சிறுவரே பெரும்பாலும் வெல்வர். தொண்டராக நின்றவரை விருந்தாளியாகவே உணவுக்கு இருத்தவேண்டும். மேடையில் அவர் பெயரும் அனுசரணையாளர் பெயரோடு சேர்த்து வாசிக்கப்படுதல் வேண்டும். கொழும்பில் நடத்துவோர், ஆட்டக்காரரின் பையைச் சுமந்து வெயிலில் நடக்கும் 'கெடி'மாரின் கூலியையும் உணவையும் முதலிலேயே வரவுசெலவில் எழுதிவிடுக. அறத்துக்கு நடத்தும் போட்டியில் அவர் கூலியிற் பேரம் பேசுதல் அழகன்று.

காலம் பற்றிச் சிறிது. கொழும்பிற் சனவரி முதல் மார்ச் நடுப்பகுதிவரை ஓரளவு வறண்ட காலம்; விடியற்காலையிலே தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பது அறிவு. ஒக்டோபர், நவம்பர் மாதங்களிற் பிற்பகல் இடிமழை வழக்கம். கனடாவில் யூன் முதல் செப்டம்பர்வரை ஏற்றது. திறந்தவெளியில் இரும்பு மட்டையேந்தி நிற்பவர்க்கு மின்னலைவிடக் கொடிய பகையில்லை. இடியோசை கேட்டவுடன் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் மைதானத்தாருக்கே உரியது என்பதைத் தொடக்கத்திலே ஒலிபெருக்கியிற் சொல்லிவிடவேண்டும். தலைவர் உட்பட எவரும் அதனை மறுத்தலாகாது. மழையால் முற்றாக நின்றுவிட்டாற் பணம் திரும்புமா, வேறு நாள் தருவாரா என்பதை உடன்படிக்கையிலே எழுதிக்கொள்க. குடிநீர் நான்கைந்து குழிக்கொருமுறை இருக்கவேண்டும். இளநீரோ மோரோ கிடைக்குமிடத்தில் அதற்கு நிகர் வேறில்லை.

போட்டி முடிந்தபின்பே தனாதிகாரியின் ஆட்டம் தொடங்குகின்றது. வருமானவரிச் சலுகைக்கான பற்றுச்சீட்டைப் பதிவுபெற்ற அறநிலையம் மட்டுமே வழங்கலாம்; பழைய மாணவர் சங்கம் என்ற பெயரால் மட்டும் அவ்வுரிமை வாராது. வழங்கும்போதும் முழுத்தொகைக்கு வழங்கலாகாது. இருநூறு டொலர் கொடுத்தவர் ஆட்டமும் உணவும் மேற்சட்டையுமாக நூற்றைம்பது டொலர்ப் பெறுமதி பெற்றிருந்தால், அவர் நன்கொடை ஐம்பதே. கனடாவில் இதுவே விதி. அமெரிக்காவிலே, பிரதிப்பயனோடு கூடிய 75 டொலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் பயனின் பெறுமதியை எழுத்தில் அறிவிக்கவேண்டும். இதை முன்னரே நுழைவுப் படிவத்தில் அச்சிட்டால், பின்னர் உறவு கசக்காது.

முப்பது நாளுக்குள் வரவுசெலவு அறிக்கையைக் கணக்காய்வாளர் ஒப்பத்தோடு எல்லார்க்கும் அனுப்புக. அதில் மொத்த வரவு மட்டுமன்றிச் செலவும், கல்லூரிக்குச் சென்ற தொகையும், காசோலை இலக்கமும் இருத்தல் வேண்டும். "பெருந்தொகை திரண்டது" என்று பத்திரிகைக்கு எழுதுமுன் இவ்வறிக்கை செல்லட்டும். ஆறு மாதங்கழித்துக் கல்லூரி அதிபரிடமிருந்து, எத்தனை மாணவர்க்கு எத்தனை மாதம் உதவிற்று என்ற கடிதம் பெற்று அனுசரணையாளர் ஒவ்வொருவர்க்கும் படி அனுப்புக. மாணவர் பெயரை அதில் எழுதவேண்டாம், உதவி பெற்றதைப் பலரறியச் செய்தல் அவர்க்கு நோவு தரும். பெயர்ப்பலகைகளை மழையில் விடாமற் கழற்றி எடுத்து, ஆண்டு குறிப்பிடாத பலகைகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக்குரிய நாளை அவ்வாரத்திலேயே மைதானத்தாரிடம் குறித்துக்கொள்வது நல்லது. நல்ல திங்கட்கிழமைகள் விரைவில் தீர்ந்துவிடும்.